டிரைவர் மீது விழுந்த பழி

அமெரிக்காவுக்கு வெளியே இன்டெல் கட்டிய முதல் ஆலை பினாங்கில்தான் இருக்கிறது. 1972 முதல் அங்குள்ள பாயான் லெப்பாஸில் சிப்களைப் பொருத்திச் சோதித்து அனுப்புவது அன்றாட வேலை. ஆனால் 2008இல் இன்டெல் நெட்வொர்க் சிப்களைத் தாக்கிய ஒரு பழுது எந்த ஆலைச் சோதனையிலும் சிக்கியிருக்காது. சிப்பில் குறையே இல்லை.

அந்த ஆண்டு லினக்ஸ் கெர்னலின் 2.6.27 பதிப்பு சோதனையில் இருந்தது. அதை ஓட்டிப் பார்த்த சிலரின் கணினியில் நெட்வொர்க் திடீரென மறைந்தது. நன்றாக ஓடியது புதுப் பதிப்பில் கெடுவது மென்பொருள் உலகில் புதிதல்ல. பழைய பதிப்புக்குத் திரும்பினால் சரியாகிவிடும். இங்கே திரும்பியும் பயனில்லை. நெட்வொர்க் கார்டின் அமைப்புத் தகவல்களை வைத்திருக்கும் நிலைநினைவகமே அழிந்திருந்தது. சந்தேகம் நேராக அந்தச் சிப்களை இயக்கும் இ1000இ என்ற டிரைவர் மென்பொருள் மீது விழுந்தது.

இப்படிப்பட்ட பழுதைத் தேட அருமையான வழி ஒன்று உண்டு. இரண்டு பதிப்புகளுக்கு இடையே 10,000 மாற்றங்கள் இருந்தால் நடுவில் உள்ளதைச் சோதிக்க வேண்டும். அங்கே பழுது இல்லையென்றால் குற்றவாளி பின்பாதியில். இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் சுமார் 14 சோதனைகளில் ஆள் அகப்படும். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் தொடங்கிய 'கிட்' கருவியிலேயே இதற்குக் கட்டளை இருக்கிறது.

ஆனால் இந்த வழக்கில் பழுது தலைகாட்டும் ஒவ்வொரு முறையும் ஒரு கார்டு செத்தது.

ஆகவே முதலில் காவல் போட்டார்கள். உபுண்டு தன் 8.10 சோதனைப் பதிப்பில் அந்த டிரைவரையே நிறுத்தி வைத்தது. நிலைநினைவகத்தில் யாரும் எழுத முடியாதபடி டிரைவருக்குள் ஒரு பூட்டைச் சேர்த்தார்கள் இன்டெல் பொறியாளர்கள். தேடல் தொடர்ந்தது.

கடைசியில் அகப்பட்டது டிரைவர் அல்ல. நெட்வொர்க்குக்குச் சம்பந்தமே இல்லாத எஃப்டிரேஸ். கெர்னலுக்குள் எந்தச் செயல்கூறு எப்போது ஓடுகிறது என்று கவனிக்கும் கருவி அது. அதற்காகச் செயல்கூறுகளின் நினைவக முகவரிகளைக் குறித்துக்கொண்டு, பிறகு அங்கே போய்ச் சிறு திருத்தம் செய்யும். தொடக்கத்தில் ஒரே முறை ஓடும் நிரல் பகுதிகளையும் அது குறித்துக்கொண்டது. அவை வேலை முடிந்ததும் நீக்கப்பட்டு, அதே முகவரி நெட்வொர்க் சிப்புக்குப் போனது. பழைய குடித்தனக்காரர் காலி செய்தது தெரியாமல், அவரைத் தேடிப் போனவர் புதிதாகக் குடிவந்தவரின் வீட்டுக்குள் நுழைந்த கதைதான்.

எஃப்டிரேஸ் கண்மூடித்தனமாக எழுதவும் இல்லை. 'இங்கே நான் எதிர்பார்த்தது இருந்தால் மட்டும் மாற்று' என்ற எச்சரிக்கையான கட்டளையைத்தான் அது பயன்படுத்தியது. சாதாரண நினைவகத்தில் அது பாதுகாப்பானது. ஒப்பீடு பொருந்தாவிட்டால், இருந்த மதிப்பையே செயலி திரும்ப எழுதும். அதனால் எதுவும் மாறாது. ஆனால் அந்த முகவரியில் வன்பொருள் இருக்கும்போது எழுதுவது என்றாலே அதற்கு ஓர் ஆணை. இந்த நுணுக்கத்தைப் பிடித்ததுதான் அந்தத் தேடலின் உச்சம்.

2.6.27 அக்டோபர் 9 அன்று வெளியானது. ஆறு நாளில் வந்த 2.6.27.1, எஃப்டிரேஸின் அந்தப் பகுதியை முடக்கியது. பிறகு அது வேறு முறையில் திருத்தி எழுதப்பட்டது. குற்றமற்ற டிரைவரில் போட்ட பூட்டை மட்டும் யாரும் கழற்றவில்லை.