மண்வெட்டி பிடித்த கை

பல்லாவரத்துக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள், தோழர்களே! கல்லுடைத்துக் கல்லுடைத்தே தேய்ந்துபோன குன்றுகள். அவற்றின் அடிவாரத்திலேதான் வெள்ளையன் தன் படைக்குப் பாசறை வகுத்தான். அந்தப் பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, இராபர்ட் புரூசு பூட் என்ற நிலவியலார் சரளைக் குழியொன்றில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தார். சிப்பாய் வருவதற்குப் பல்லாயிரம் ஆண்டுக்கு முன்பே உழைப்பாளி அங்கே குடியிருந்தான்! சிப்பாய் வந்த பிறகு அவனுக்குப் பாதை போட்டவனும் உழைப்பாளிதான். அது வரலாற்றுப் பாடத்தில் வருவதில்லை.

அந்தப் படையிலே தமிழனுக்குக் கிடைத்த பட்டம் என்ன? "போர்க்குணம் இல்லாதவன்!" 1920களில் சென்னைக் காலாட்படைகளைக் கலைத்தே விட்டார்கள். மிஞ்சியது மதராஸ் சாப்பர்ஸ். பாலம் கட்ட, பாதை வெட்ட, தச்சு வேலையும் கொல்லு வேலையும் பார்க்கத் தெரிந்த படை. சுடுவதற்கு ஆகாதவன், சுமப்பதற்கு மட்டும் ஆவான் போலும்!

1939இல் போர் மூண்டது. பட்டம் பறந்தது, வா வா என்றார்கள். இரண்டு இலட்சமாக இருந்த இந்தியப் படை 25 இலட்சமாகப் பெருகிற்று. கலைத்த மதராஸ் ரெஜிமென்டை மீண்டும் எழுப்பினார்கள். போனவன் சக்கரவர்த்தியிடம் பக்தி கொண்டா போனான்? வீட்டில் உலை கொதிக்கவேண்டும் என்று போனான். தொடக்கத்திலே சிப்பாய்க்கு மாதம் 16 ரூபாய் சம்பளம். பக்கத்திலே நின்ற வெள்ளைச் சிப்பாய்க்கு அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். குண்டுக்கு மட்டும் இந்தக் கணக்குத் தெரியாது.

அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், காஞ்சிபுரத்தை அடுத்த கீழ்ஒட்டிவாக்கம் என்ற சிற்றூரில் பிறந்தவர் சுப்பிரமணியன். சாப்பர்ஸ் படையில் சேர்ந்து சுபேதார் ஆனார். 1944 பிப்ரவரி 24. இத்தாலி நாட்டில் மிக்னானோ அருகே, கண்ணிவெடி தேடி அகற்றும் வேலை. இதற்குக் கூச்சலில்லை, முரசில்லை. குனிந்த தலையோடு அடி அடியாக நகரவேண்டிய வேலை. கண்ணிவெடி ஒன்று கிளம்பிவிட்டது. வெடிக்கச் சில நொடிகளே இருந்தன. ஓடலாம், படுக்கலாம். சுப்பிரமணியன் இரண்டும் செய்யவில்லை. அந்த வெடியின்மீதே பாய்ந்தார். கூட வேலை பார்த்தவர்களுக்காகத் தன் உடலையே மூடியாக்கினார். இறந்தபின் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அளித்தார்கள். பிரிட்டிஷ் பேரரசுக்காக அவர் பாய்ந்தார் என்று யாரேனும் சொன்னால் நான் ஒப்பமாட்டேன். பின்னால் நின்ற நாலு பேருக்காகப் பாய்ந்தார்.

உயிரோடு திரும்பியவன் கதை வேறு. போருக்கென்று எடுத்தவனைப் போர் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். ஓய்வூதியத்துக்குப் பதினைந்து ஆண்டுச் சேவை வேண்டும். ஐந்தாறு ஆண்டு உயிரைப் பணயம் வைத்தவனுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. கல்குவாரியோ, குரோம்பேட்டைக்குப் பெயர் தந்த தோல் தொழிற்சாலையோ, எது கிடைத்ததோ அதற்குப் போனான். பின்னாளில் மாநில அரசுகள் இந்த முதியவர்களுக்கு உதவித்தொகை வழங்க முன்வந்தபோது, பல வீடுகளில் அதை வாங்கிக்கொள்ள விதவைகள்தான் இருந்தார்கள்.