எல்லாம் வல்லவன் தூக்க முடியாத கல்

எல்லாம் வல்ல கடவுளால், தானே தூக்க முடியாத ஒரு கல்லைப் படைக்க முடியுமா? முடியும் என்றால், அவரால் தூக்க முடியாத கல் ஒன்று இருந்துவிடுகிறது. முடியாது என்றால், அவரால் படைக்க முடியாத பொருள் ஒன்று இருந்துவிடுகிறது. எந்தப் பக்கம் போனாலும் ‘எல்லாம் வல்ல’ என்ற அடைமொழி நிற்பதில்லை. நியாயமான தொடக்கத்திலிருந்து, பிழை தெரியாத வாதத்தின் வழியே, ஏற்கவே முடியாத முடிவில் கொண்டுபோய் விடும் இத்தகைய கேள்விகள்தான் முரண்புதிர்கள். வாதம் சரி, முடிவு மட்டும் தவறு என்றால், யாரும் வாய்விட்டுச் சொல்லாத ஓர் அனுமானம் தொடக்கத்திலேயே ஒளிந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேடிப் பிடிக்கும் வேலையைச் சமயமும் கணிதமும் சட்டமும் இயற்பியலும் தனித்தனியே செய்திருக்கின்றன. வியப்பு என்னவென்றால், அவற்றில் பல ஒன்றையொன்று பார்க்காமலேயே ஒரே விடைக்கு அருகில் வந்து சேர்ந்திருக்கின்றன.

கல் புதிரின் அடியில் இருக்கும் கேள்வியை இடைக்கால இறையியலாளர்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே பொருளை ஒரே நேரத்தில் உண்டு என்றும் இல்லை என்றும் ஆக்குவது இறையாற்றலின் எல்லைக்குள் வரும் செயலே அல்ல என்று இமாம் கஸ்ஸாலி (1058–1111) வாதிட்டார். 13-ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் இதே வழியில் இன்னும் தெளிவாகச் சொன்னார்: தன்னைத்தானே மறுக்கும் ஒன்றைக் கடவுளால் செய்ய முடியாது என்பதைவிட, அது செய்யப்படக்கூடிய ஒன்றே அல்ல என்பதுதான் பொருத்தம். மெய்யியலாளர் தெகார்த் மட்டும் எதிர்த்திசையில் போனார். கணித உண்மைகளும்கூட இறைவனின் விருப்பத்தால் விதிக்கப்பட்டவையே என்று 1630-ல் எழுதிய கடிதங்களில் அவர் சொல்கிறார். அப்படியானால் தர்க்கமும் அவர் ஆணைக்கு உட்பட்டதாகிவிடும். இந்த விடை துணிச்சலானது. ஆனால் அதற்குப் பிறகு கடவுளைப் பற்றி எதையும் வாதிட வழியில்லாமல் போகிறது. அக்வினாஸின் விடையே உறுதியானது. வல்லமைக்கு ஓர் எல்லை உண்டு, ஆனால் அது குறை அல்ல என்பதை அது காட்டுகிறது.

தமிழில் இந்த ஆராய்ச்சிக்கு மணிமேகலை சாட்சி. அதன் 29-ஆம் காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பௌத்த அளவை நூலைக் கற்பிக்கிறார். நிறுவ எடுத்துக்கொண்ட கூற்றே பழுதாகிப்போகும் வகைகள் ஒன்பதை வரிசையாகச் சொல்கிறார். அவற்றுள் ஒன்று, தன் சொல்லே தன்னை மறுப்பது. தன்னைப் பெற்றவளை ஒருவன் மலடி என்று சொல்வது அதற்கு உதாரணம். சொல்பவன் பிறந்து வளர்ந்து எதிரே நின்று பேசுவதே அவன் சொல்லைப் பொய்யாக்கிவிடுகிறது. அதை மறுக்க வேறு சான்று வேண்டியதில்லை.

பௌத்தத்தையே இந்த வலையில் சிக்கவைக்க முயன்றவர்கள் உண்டு. எல்லாப் பொருள்களும் சுயத்தன்மை இல்லாதவை, சூனியம் என்பது நாகார்ஜுனரின் கொள்கை. எதிர்வாதி கேட்டான்: எல்லாமே சூனியம் என்றால் அந்தக் கூற்றும் சூனியம்தானே, பிறகு அது எதை மறுக்கும்? அது மட்டும் சூனியமில்லை என்றால் கொள்கையே உடைந்ததல்லவா? இதற்கு விடை சொல்லவே ‘விக்ரகவியாவர்த்தனி’ என்ற நூலை அவர் எழுதினார். தன் கூற்றும் சூனியம்தான் என்று அவர் தயங்காமல் ஒப்புக்கொள்கிறார். தேரும் குடமும் ஆடையும் பிறவற்றைச் சார்ந்து தோன்றியவைதாம். ஆனாலும் தேர் சுமை ஏற்றுகிறது, குடம் நீர் கொள்கிறது, ஆடை குளிர் காக்கிறது. அதுபோல் தன் சொல்லும் தன் வேலையைச் செய்யும் என்பது அவர் விடை. வேலை செய்யும் எதற்கும் நிலையான தனி இயல்பு இருந்தே தீர வேண்டும் என்பதுதான் எதிர்வாதியிடம் ஒளிந்திருந்த அனுமானம்.

தன்னையே சுட்டும் கூற்றுகளில் பேர்பெற்றது பொய்யன் புதிர். கிரீட் தீவினர் எல்லாரும் பொய்யர்கள் என்று அந்தத் தீவைச் சேர்ந்த எபிமெனிடீஸ் சொன்னதாக ஒரு மரபு இருக்கிறது. கூர்ந்து பார்த்தால் இது முழு முரண்புதிர் ஆகாது. உண்மை பேசும் கிரீட்வாசி யாரோ ஒருவர் இருந்து, எபிமெனிடீஸ் சொன்னது வெறும் பொய்யாக இருந்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் மிலேட்டஸ் நகரத்து யூபுலிடீஸ் இதற்குத் தப்ப வழியில்லாத வடிவம் கொடுத்தார்: நான் இப்போது சொல்வது பொய். அது மெய்யென்றால் பொய், பொய்யென்றால் மெய். இந்தியாவில் சுமார் 5-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இலக்கண அறிஞர் பர்த்ருஹரி தம் ‘வாக்கியபதீய’த்தில் இதற்கு நெருங்கிய கூற்று ஒன்றை எடுத்துக்கொள்கிறார். நான் சொல்வதெல்லாம் பொய் என்று ஒருவர் சொல்லும்போது, அந்த வாக்கியத்தையே அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்த்தால் சொல்லவந்த பொருளே விளங்காது என்பது அவர் தீர்வு. ஒரு சொல் தன்னைத் தவிர மற்றவற்றைத்தான் சுட்டுகிறது என்று வைத்துக்கொண்டால் முடிச்சு அவிழ்கிறது.

ஏறத்தாழ 1,500 ஆண்டுகளுக்குப் பிறகு கணிதம் இதே இடத்தில் இடறியது. ஜெர்மனியின் யேனா நகரில் பேராசிரியராக இருந்த காட்லாப் ஃப்ரேக, எண்கணிதம் முழுவதையும் தர்க்கத்தின் மேல் மட்டுமே கட்டியெழுப்ப வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1893-ல் வந்தது. இரண்டாம் தொகுதி அச்சில் இருந்தபோது, 1902 ஜூன் 16 தேதியிட்ட கடிதம் ஒன்று இங்கிலாந்திலிருந்து வந்தது. எழுதியவர் 30 வயதான பெர்ட்ரண்ட் ரஸ்ஸல். கடிதத்தில் நிறையப் பாராட்டு. நடுவில் ஒரே ஓர் ஐயம். அதை நூலகப் பட்டியல்களைக் கொண்டு விளக்கலாம். சில பட்டியல்கள் தங்கள் பெயரையும் தமக்குள்ளேயே குறித்துக்கொள்கின்றன, சில குறிப்பதில்லை. தன் பெயரைக் குறிக்காத பட்டியல்களை மட்டும், ஒன்றுவிடாமல், தொகுத்து ஒரு பெரும்பட்டியல் போட்டால், அதில் அதன் பெயர் இடம்பெற வேண்டுமா? இடம்பெற்றால் இருக்கக் கூடாது. இடம்பெறாவிட்டால் இருந்தாக வேண்டும். பட்டியல் என்ற இடத்தில் ‘கணம்’ என்று போட்டால் ஃப்ரேகவின் அடிப்படை விதி ஒன்று உடைந்துபோகிறது.

ஃப்ரேக ஒரு வாரத்துக்குள் பதில் எழுதினார். தம் கட்டடத்தின் அடித்தளம் அசைந்துவிட்டதை மறைக்காமல் ஒப்புக்கொண்டார். 1903-ல் வெளிவந்த இரண்டாம் தொகுதியின் பின்னிணைப்பில் இந்தப் புதிரை அவரே வாசகர் முன் வைத்தார். அறிவுலகில் இவ்வளவு நேர்மையான ஒரு செயல் அடிக்கடி நடப்பதில்லை. ரஸ்ஸலும் ஒயிட்ஹெட்டும் 1910–1913 காலத்தில் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட ‘பிரின்சிபியா மேத்தமேட்டிகா’, கணங்களைப் படிநிலைகளாகப் பிரித்து, எந்தக் கணமும் தன் படியில் உள்ளதையோ தன்னையோ உறுப்பாகக் கொள்ள முடியாது என்று விதித்தது. 1931-ல் தர்க்கவியலாளர் குர்ட் கோடல் பொய்யன் புதிரின் சாயலையே கருவியாக்கி, எண்கணிதத்தை உள்ளடக்கிய, முரணற்ற எந்த விதித்தொகுப்பிலும் அதற்குள்ளேயே நிறுவவோ மறுக்கவோ முடியாத கூற்று ஒன்று இருந்தே தீரும் என்று நிறுவினார்.

அதே கல் நாடாளுமன்றத்திலும் கிடக்கிறது. இறையாண்மை கொண்ட நாடாளுமன்றம், பின்னால் தானே மாற்ற முடியாத ஒரு சட்டத்தை இயற்ற முடியுமா? கடவுளின் வல்லமை பற்றிய புதிரும் இதுவும் ஒன்றே என்பதை மெய்யியலாளர் ஜே. எல். மேக்கி 1955-ல் எழுதிய கட்டுரையில் எடுத்துக்காட்டினார். தத்துவ வகுப்பில் இது மூளைக்கு வேலை. அரசியலில் இதற்குத் தவறான விடை கிடைத்தால் மக்கள் உரிமை பறிபோகும். ஜெர்மனியின் வைமார் அரசமைப்பு, மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் தன்னை எப்படியும் திருத்தலாம் என்று அனுமதித்தது. 1933 மார்ச் 23 அன்று அப்படியொரு மாற்றம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்கே வர முடியாதபடி தடுக்கப்பட்டிருந்தனர். சமூக ஜனநாயகக் கட்சியின் 94 பேர் மட்டும் எதிர்த்து வாக்களித்தனர். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலே சட்டம் போடும் அதிகாரம் ஹிட்லரின் அரசுக்குக் கிடைத்தது. ஜனநாயகம் தன் விதிப்படியே தன்னை ஒழித்துக்கொண்டது. போருக்குப் பின் 1949-ல் எழுதப்பட்ட ஜெர்மன் அடிப்படைச் சட்டம், மனித மாண்பு, கூட்டாட்சி முதலியவற்றைத் தொடும் திருத்தம் எதுவும் செல்லாது என்று 79-ஆம் பிரிவில் எழுதிவைத்தது.

அந்தப் பாடம் இந்தியாவுக்கு வந்த வழி சுவையானது. ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டீட்ரிச் கோன்ராட் 1965-ல் பனாரஸ் இந்து பல்கலைக்கழகத்தில், திருத்தும் அதிகாரத்துக்குள்ளேயே அடங்கியிருக்கும் வரம்புகளைப் பற்றி உரையாற்றினார். கோலக்நாத் வழக்கில் வழக்கறிஞர் எம். கே. நம்பியார் அந்த வாதத்தை உச்ச நீதிமன்றத்தின் முன் வைத்தார். அடிப்படை உரிமைகளைப் பறிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று 1967-ல் தீர்ப்பு வந்தது. அரசு 1971-ல் 24-ஆம் திருத்தத்தைக் கொண்டுவந்து அந்த அதிகாரத்தை மீட்டுக்கொண்டது. பிறகு காசர்கோட்டின் எடநீர் மடாதிபதி கேசவானந்த பாரதி, கேரள நிலச் சீர்திருத்தச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கு 13 நீதிபதிகள் முன் 68 நாள் நடந்தது. 1973 ஏப்ரல் 24 அன்று 7-க்கு 6 என்ற மிகச் சிறிய வித்தியாசத்தில் வந்த தீர்ப்பு, அரசமைப்பின் எந்தப் பிரிவையும் திருத்தலாம், ஆனால் அதன் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்றது.

நெருக்கடி நிலைக் காலத்தில் இந்தப் புதிர் முழு உருவத்தில் வந்து நின்றது. 1976-ன் 42-ஆம் திருத்தம், அரசமைப்புத் திருத்தம் எதையும் எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது, திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பே கிடையாது என்று அரசமைப்பிலேயே எழுதிவிட்டது. வரம்புள்ள ஓர் அதிகாரம், தன்னைப் பயன்படுத்தியே தன் வரம்பை நீக்கிக்கொண்டது. 1980-ல் மினர்வா மில்ஸ் வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தப் பகுதிகளைச் செல்லாது என்று ஒதுக்கியது. வரம்போடு கொடுக்கப்பட்ட அதிகாரத்தைக் கொண்டே அதை வரம்பற்றதாக்கிக்கொள்ள முடியாது, அந்த வரம்பும் அடிப்படைக் கட்டமைப்பின் பகுதியே என்பது நீதிமன்றத்தின் நியாயம். பர்த்ருஹரியும் ரஸ்ஸலும் கண்ட தீர்வின் சட்ட வடிவம் இது: விதி தன்னைத் தாங்கும் படிக்கு மேலே ஏறிப்போய்த் தன்னையே மாற்றக் கூடாது.

இந்தத் தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. அடிப்படைக் கட்டமைப்பில் எவையெல்லாம் அடங்கும் என்ற முடிந்த பட்டியல் எங்கும் இல்லை. அதை வழக்குக்கு வழக்கு சொல்பவர்கள் நீதிபதிகள்; அவர்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள் அல்லர். நீதிபதி நியமன ஆணையத்தை உருவாக்கிய 99-ஆம் திருத்தத்தை 2015-ல் 4-க்கு 1 என்ற கணக்கில் ரத்து செய்தபோது, தங்கள் நியமன முறையைப் பற்றிய வழக்கில் நீதிபதிகளே தீர்ப்பு சொல்ல நேர்ந்தது. அதிகாரத்தில் தன்னைச் சுட்டும் சுழலை ஓரிடத்தில் அடைத்தால் வேறோரிடத்தில் திறக்கிறது. என்றாலும், வைமாரின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால், வரம்பில்லாத பெரும்பான்மையைவிட விவாதத்துக்குரிய வரம்பு நூறு மடங்கு பாதுகாப்பானது.

பெரும்பான்மை என்பதே எப்போதும் தெளிவாக இருப்பதில்லை. பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே 1785-ல் காட்டியது இது. மூவர் வாக்களிக்கிறார்கள். முதலாமவரின் வரிசை அ, ஆ, இ. இரண்டாமவருக்கு ஆ, இ, அ. மூன்றாமவருக்கு இ, அ, ஆ. இருவர் ஆ-வைவிட அ-வை விரும்புகிறார்கள், இருவர் இ-யைவிட ஆ-வை, இருவர் அ-வைவிட இ-யை. ஒவ்வொருவருக்கும் தெளிவான விருப்பம் இருக்கிறது. மூவரும் சேர்ந்தால் வட்டம்தான் மிஞ்சுகிறது.

அறிவியலில் முரண்புதிர் பெரும்பாலும் நல்ல சகுனம். இரவு ஏன் இருட்டாக இருக்கிறது என்ற கேள்வி அப்படிப்பட்டது. பிரபஞ்சம் எல்லையற்றது, எப்போதும் இப்படியே இருந்துவருவது என்றால், எந்தத் திசையில் பார்த்தாலும் பார்வை ஒரு நட்சத்திரத்தில் போய் முட்ட வேண்டும். வானம் முழுவதும் சூரியனின் முகம்போல் ஒளிர வேண்டும். கெப்ளர் 1610-லேயே இதை உணர்ந்தார். 1823-ல் பிரெமன் நகர மருத்துவர் ஓல்பர்ஸ் எழுதியதால் அவர் பெயரே புதிருக்கு நிலைத்தது. பிழை ‘எப்போதும்’ என்ற சொல்லில் இருந்தது. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள். அந்தக் காலத்துக்குள் ஒளி கடக்க முடியாத தொலைவிலிருந்து எதுவும் இன்னும் வந்து சேரவில்லை. வந்து சேர்ந்த மிகப் பழைய ஒளியோ, வெளி விரிந்ததால் நீண்டு நுண்ணலையாகிவிட்டது. 1960-களின் நடுவில் பென்சியாஸும் வில்சனும் நியூஜெர்சியில் வானலை வாங்கியில் இடைவிடாமல் கேட்ட இரைச்சல் அதுதான். வானம் உண்மையிலேயே எல்லாத் திசையிலும் ஒளிர்கிறது, கண்ணுக்குத் தெரியாத நிறத்தில்.

அன்றாட வாழ்க்கையின் முரண்புதிர்களுக்குத் தத்துவம் வேண்டாம், பேருந்து நிறுத்தம் போதும். பேருந்துகள் 5 நிமிடம், 15 நிமிடம் என்று மாறிமாறி வருகின்றன என்று வைத்துக்கொண்டால் சராசரி இடைவெளி 10 நிமிடம். காத்திருப்பு 5 நிமிடம் என்று தோன்றும். ஆனால் 20 நிமிடத்தில் 15 நிமிடம் நீண்ட இடைவெளிக்குச் சொந்தம் என்பதால், நேரம் பார்க்காமல் வருகிற பயணிகளில் நால்வரில் மூவர் அதில்தான் மாட்டுகிறார்கள். சராசரிக் காத்திருப்பு 6¼ நிமிடம். இடைவெளிகள் 1, 19 என்று கோணலானால் அது 9 நிமிடத்தைத் தாண்டிவிடும். போக்குவரத்துக் கழகத்தின் கணக்கும் பயணியின் புலம்பலும் ஒருசேர உண்மையாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு சராசரிகள்.

இதைவிடக் கடுமையானது 1968-ல் ஜெர்மன் கணித அறிஞர் டீட்ரிச் பிரேஸ் கண்டது: புதுச் சாலை போட்டால் பயண நேரம் கூடலாம். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு இரண்டு வழிகள். ஒன்றில் முதலில் குறுகிய பாலம், பிறகு அகலச் சாலை. மற்றதில் முதலில் அகலச் சாலை, பிறகு குறுகிய பாலம். பாலத்தைக் கடக்க, அதில் போகும் ஒவ்வொரு 100 வண்டிக்கும் 1 நிமிடம் ஆகும். அகலச் சாலைக்கு எப்போதும் 45 நிமிடம். 4,000 வண்டிகள் பாதிப்பாதியாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் 20-உம் 45-உம் சேர்ந்து 65 நிமிடம். இப்போது முதல் பாலத்தின் முடிவிலிருந்து இரண்டாம் பாலத்தின் தொடக்கத்துக்கு நொடியில் கடக்கும் இணைப்பு ஒன்று போடப்படுகிறது. எல்லாரும் இரண்டு பாலத்தையும் பிடிக்கிறார்கள். 40-உம் 40-உம் 80 நிமிடம். பழைய வழிக்குத் தனியாகத் திரும்புகிறவருக்கு 85 நிமிடம் ஆகும் என்பதால் யாரும் திரும்புவதில்லை. ஒவ்வொருவரும் தனக்கு நல்லதைச் செய்தால் எல்லாருக்கும் நல்லது நடக்கும் என்ற அனுமானம் இந்தக் கணக்கில் தவிடுபொடியாகிறது. தென்கொரியத் தலைநகர் சோலில் 2003-ல் சோங்கேசோன் மேம்பாலச் சாலையை இடித்து, அடியில் புதைந்திருந்த நீரோடையை 2005-ல் மீட்டபோது, அஞ்சிய அளவுக்கு நகரம் ஸ்தம்பிக்கவில்லை. இதற்குப் பிரேஸின் கணக்கை மட்டும் காரணமாகச் சொல்லிவிட முடியாது. 2004-ல் அந்நகரம் பேருந்துத் தடங்களையும் கட்டண முறையையும் முழுவதுமாக மாற்றியமைத்தது, நெரிசல் குறைந்ததில் அதற்கும் பெரும் பங்கு இருந்தது.