சம்பளத்தைச் சொல்லலாமா? எக்ஸெல்லில் ஒரு கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், விளையாட்டும் சினிமாப் பாட்டும் ஓய்ந்த பின் உருப்படியாக உருவாகும் முதல் பைல் எது தெரியுமா? பெரும்பாலும் வீட்டு வரவு செலவுக் கணக்குதான். எக்ஸெல் தொகுப்பையோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பையோ திறந்து, முதல் வரியில் "சம்பளம்" என்று டைப் செய்கிறோம். பக்கத்துச் செல்லில் எண்ணைப் போடும் முன், பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறோம்.

"பெண்ணிடம் வயதையும் ஆணிடம் சம்பளத்தையும் கேட்காதே" என்று சொல்பவர்கள் நாம். ஆனால் பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சபையிலேயே கேட்போம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவரிடமும் கேட்போம். ஒரே கூடத்தில், ஒரே வேலையை, அருகருகே செய்பவரிடம் மட்டும் கேட்க மாட்டோம். கேட்டாலும், "உனக்குத் தர்றதுதான் எனக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

சம்பளத்தை வெளிப்படையாகப் பேசலாமா, கூடாதா? பேசுவதானால் யாரிடம், எவ்வளவு? உங்கள் கம்ப்யூட்டரை வைத்தே இதற்கு விடை தேடிப் பார்க்கலாம்.

ஊரறிந்த சம்பளங்கள்

எல்லாச் சம்பளமும் ரகசியம் இல்லை. அரசு ஊழியர்களின் ஊதிய விகிதம் அச்சிட்ட அட்டவணையில் இருக்கிறது. 7வது ஊதியக் குழுவின்படி, 2016 ஜனவரி 1 முதல் மத்திய அரசின் குறைந்தபட்ச அடிப்படை ஊதியம் 18,000 ரூபாய். உச்சத்தில் உள்ள கேபினட் செயலாளருக்கு 2,50,000 ரூபாய் என்று யாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ன் 4வது பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு அரசு அலுவலகமும் தன் அலுவலர்கள், ஊழியர்கள் பெறும் மாத ஊதியத்தைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது.

இந்தச் சட்டம் பிறந்த கதையிலேயே கூலிக் கணக்கு இருக்கிறது. 1994ல் ராஜஸ்தானின் கோட் கிரானா கிராமத்தில், மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு ஒரு மக்கள் விசாரணையை நடத்தியது. அரசுப் பணிகளின் கூலிப் பட்டியல் ஊர் நடுவே உரக்கப் படிக்கப்பட்டது. வேலை செய்யாதவர்களின் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்தது அப்போதுதான் தெரிய வந்தது. பட்டியல் பூட்டிய பீரோவுக்குள் இருந்தவரை கண்டுபிடிக்க முடியாத திருட்டு அது.

2006 பிப்ரவரியில் நூறு நாள் வேலைத் திட்டம் 200 மாவட்டங்களில் தொடங்கியபோது, தமிழ்நாட்டின் முதல் 6 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. அதாவது விருத்தாசலத்தைச் சுற்றியுள்ள கிராமங்கள் தொடக்கத்திலேயே இதற்குள் வந்துவிட்டன. யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி பெற்றார் என்ற பட்டியல் இன்டர்நெட்டிலேயே வைக்கப்பட்டது. 2025-26ல் தமிழ்நாட்டுக்கான கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய் என்பதும் அரசிதழில் வந்தது. (2025 டிசம்பரில் இந்தச் சட்டத்திற்குப் பதிலாக வேறு சட்டம் நிறைவேற்றப்பட்டது.)

ஆக, மாவட்ட அதிகாரியின் சம்பளமும் ஏரி தூர்வாரியவரின் கூலியும் ஊரறிந்தவை. இடையில் இருக்கும் தனியார் வேலைகளில்தான் ரகசியம் குடியிருக்கிறது.

ஒரு பொம்மை, இரண்டு கூலி

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் பெற்ற ஊர். செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசு நிறுவனமும் இங்கே உள்ளன. பொம்மை, அகல் விளக்கு, மின் இணைப்புகளுக்கான பீங்கான் பொருட்கள் என்று பலவும் இங்கு தயாராகின்றன. கூழாகக் கரைத்த களிமண்ணைப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி, இறுகியதும் எடுத்து, பிசிறு நீக்கி, காய வைத்து, சூளையில் சுட்டு எடுப்பார்கள். இத்தகைய தொழில்களில் சிலருக்கு நாள் கூலி, சிலருக்கு உருப்படிக் கணக்கு.

உதாரணத்திற்கு, பிசிறு நீக்கும் வேலை செய்யும் இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். (எண்கள் கணக்கு புரிவதற்காக நாம் வைத்துக்கொள்பவை.) முதலாமவருக்கு நாள் கூலி 450 ரூபாய். இரண்டாமவருக்கு ஒரு பொம்மைக்கு 1 ரூபாய் 50 காசு. ஒரு நாளில் 300 பொம்மை முடிப்பார். "உங்களுக்கு எவ்வளவுக்கா?" என்று கேட்டால் இருவருமே "450" என்பார்கள். சரிசமம் என்று நினைத்துப் பேச்சை விட்டுவிடுவோம்.

ஆனால் இரண்டாமவர் முடித்த 300ல் 30 பொம்மை சூளையில் வெடித்துவிடுகிறது. அதற்குக் கூலி இல்லை. அப்படியானால் நாளுக்கு 405 ரூபாய்தான். சூளை ஏற்றாத நாட்களில் வேலையும் இல்லை. மாதம் 22 நாள்தான் கிடைக்கிறது. எண்ணிக்கையை எட்ட, தினம் 10 மணி நேரம் உட்காருகிறார். முதலாமவருக்கு 26 நாள், தினம் 8 மணி நேரம். இப்போது இருவரும் சமமா?

கணக்கைப் போடுவது எப்படி?

இதை எக்ஸெல்லில் போட்டுப் பாருங்கள். கால்க் தொகுப்பிலும் இதே வழிதான்.

1. ஏ2 முதல் ஏ6 வரையுள்ள செல்களில் முறையே நாள் வருமானம், வேலை நாட்கள், ஒரு நாள் வேலை நேரம், மாத வருமானம், ஒரு மணி நேரக் கூலி என்று டைப் செய்திடுங்கள்.

2. பி2, பி3, பி4 செல்களில் முதலாமவரின் 450, 26, 8 ஆகியவற்றையும், சி2, சி3, சி4 செல்களில் இரண்டாமவரின் 405, 22, 10 ஆகியவற்றையும் கொடுங்கள்.

3. பி5 செல்லில் சமக்குறி போட்டு, பி2 செல்லை மவுஸால் கிளிக் செய்து, நட்சத்திரக் குறி (*) தட்டி, பி3 செல்லைக் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். நட்சத்திரக் குறிதான் கம்ப்யூட்டரில் பெருக்கல்.

4. பி6 செல்லில் சமக்குறி, பி5, சாய்கோடு (/), தொடக்க அடைப்புக்குறி, பி3, நட்சத்திரக் குறி, பி4, முடிவு அடைப்புக்குறி என்று வரிசையாகக் கொடுத்து என்டர் தட்டுங்கள். சாய்கோடு வகுத்தலைக் குறிக்கும்.

5. பி5, பி6 இரண்டையும் தேர்ந்தெடுத்து, வலது கீழ் மூலையில் தெரியும் சிறு சதுரத்தை மவுஸால் பிடித்து சி பக்கம் இழுங்கள். இரண்டாமவரின் கணக்கும் தானே வந்துவிடும்.

விடையைப் பாருங்கள். முதலாமவருக்கு மாதம் 11,700 ரூபாய். மணிக்கு 56 ரூபாய் 25 காசு. இரண்டாமவருக்கு மாதம் 8,910 ரூபாய். மணிக்கு 40 ரூபாய் 50 காசு. "450" என்ற ஒரே எண்ணுக்குள் மாதம் 2,790 ரூபாய் வித்தியாசம் ஒளிந்திருந்தது. சூளையில் வெடித்த பொம்மைக்குப் பிசிறு நீக்கியவர் எப்படிப் பொறுப்பாவார் என்ற கேள்வியும் இப்போதுதான் எழுகிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. மொத்தத் தொகையைச் சொல்வதால் மட்டும் பயன் இல்லை. அந்தத் தொகை எப்படி வந்தது என்ற கணக்கைச் சொன்னால்தான் பயன். கணக்கு ஒருவர் கையில் மட்டும் இருந்தால், பேரம் பேசும்போது அவர் பக்கம்தான் தராசு சாயும்.

வெளிநாடுகளில் என்ன நடந்தது?

நார்வேயில் குடிமக்களின் வருமான வரி விவரம் நெடுங்காலமாகவே பொதுத் தகவல். 2001ல் அதை இன்டர்நெட்டில் யாரும் எளிதில் தேடும் வசதி வந்தது. பக்கத்து வீட்டுக்காரர், மச்சான், பழைய வகுப்புத் தோழர் என்று ஆளாளுக்குத் தேடினார்கள். இதன் விளைவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர் ரிகார்டோ பெரெஸ் ட்ருக்லியா, பணக்காரருக்கும் ஏழைக்கும் இடையிலான மகிழ்ச்சி இடைவெளி 29 சதவீதம் கூடியது என்று 2020ல் வெளியான ஆய்வில் எழுதினார். குறைவாகச் சம்பாதிப்பவருக்கு மனக்குறை கூடியது. 2014 முதல், தேடியவர் யார் என்பதைத் தேடப்பட்டவர் பார்க்கலாம் என்று விதி வந்ததும் தேடல்கள் வெகுவாகக் குறைந்துவிட்டன.

உடன் வேலை செய்பவர்களிடையே பகிர்ந்தபோது நடந்தது வேறு. கூகுளில் பணியாற்றிய பொறியாளர் எரிகா பேக்கரும் அவருடைய சகாக்களும் ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் தங்கள் சம்பளத்தை விருப்பப்பட்டுப் பதிந்தனர். அதைக் காட்டிக் கேட்டு உயர்வு பெற்றவர்கள் உண்டு என்று 2015ல் அவர் வெளிப்படையாக எழுதினார். நாம் மேலே போட்டது போன்ற ஒரு சாதாரணக் கட்டம்தான் அது.

டென்மார்க்கில் 35 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் ஊதிய விவரத்தைத் தர வேண்டும் என்று 2006ல் சட்டம் வந்தது. இடைவெளி குறைந்தது. ஆனால் பெண்களின் ஊதியம் பெரிதாக ஏறியதால் அல்ல. ஆண்களின் உயர்வு வேகம் குறைந்ததால்தான் என்று ஆய்வாளர்கள் கண்டனர். வெளிப்படையாக இருந்தால் எல்லாருக்கும் கூடும் என்று எதிர்பார்க்க முடியாது என்பதற்கு இது உதாரணம்.

உங்கள் சம்பளச் சீட்டைப் படியுங்கள்

அடுத்தவரிடம் கேட்பதற்கு முன் நம் கணக்கு நமக்குத் தெரிய வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு 2019ன்படி, வேலைக்கு வைத்திருப்பவர் ஊதியச் சீட்டு தர வேண்டும். ஒரே மாதிரி வேலைக்கு ஆண், பெண் என்று பார்த்து ஊதியத்தில் வேறுபாடு காட்டக் கூடாது. கூடுதல் நேர வேலைக்குச் சாதாரண விகிதத்தைப் போல் இரு மடங்குக்குக் குறையாமல் தர வேண்டும். தொழில் வாரியான குறைந்தபட்ச ஊதிய விவரம் தமிழ்நாடு தொழிலாளர் துறையின் இணைய தளத்தில் உள்ளது. ஆண்டுதோறும் ஏப்ரலில் பஞ்சப்படி மாறும் என்பதால் நடப்பு ஆண்டு அட்டவணையைப் பாருங்கள்.

சீட்டில் பி.எஃப். பிடித்தம் பொதுவாக ஊதியத்தில் 12 சதவீதம்; சில வகை நிறுவனங்களில் 10 சதவீதம். 2019 ஜூலை முதல் இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளர் பங்கு 0.75 சதவீதம். அதாவது 10,000 ரூபாய்க்கு 75 ரூபாய். பிடித்த பணம் போய்ச் சேர்ந்ததா? வருங்கால வைப்பு நிதி நிறுவனத்தின் இணைய தளத்தில் உங்கள் யு.ஏ.என். எண்ணைக் கொடுத்து பாஸ்புக்கைப் பாருங்கள். இரண்டு மாதம் கழித்தும் வரவு இல்லை என்றால் உடன் வேலை செய்பவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு மட்டும் இல்லை என்றால் அது பதிவில் நேர்ந்த பிழையாக இருக்கலாம். யாருக்குமே இல்லை என்றால் விஷயம் வேறு.

பகிர்வதற்கு முன் கவனிக்க வேண்டியவை

பணி நியமனக் கடிதத்தைப் படியுங்கள்: சம்பளத்தை வெளியே சொல்லக் கூடாது என்று சில நிறுவனங்கள் நிபந்தனை வைத்திருக்கும். தெரிந்துகொண்டு பேசுவது நல்லது.

சீட்டை அப்படியே அனுப்பாதீர்கள்: அதில் பான் எண், யு.ஏ.என்., வங்கிக் கணக்கு எண் எல்லாம் இருக்கும். தேவையான எண்களை மட்டும் தனியாக டைப் செய்து கொடுங்கள்.

மறைத்தது மறைந்துவிட்டதா: எக்ஸெல்லில் ஹைட் செய்த பத்தியை யார் வேண்டுமானாலும் அன்ஹைட் செய்யலாம். பி.டி.எஃப். பைலில் எழுத்தின் மேல் கறுப்புக் கட்டம் வரைந்தாலும், அடியில் உள்ள எழுத்தைக் காப்பி செய்து எடுத்துவிட முடியும். அனுப்பும் பைலில் அந்த விவரமே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரியும்: எட்டுப் பேர் உள்ள கூடத்தில் "பிசிறு நீக்குபவர், 12 வருட அனுபவம்" என்று எழுதினால் போதும், யார் என்று தெரிந்துவிடும். சிறிய இடங்களில் பதவி, அனுபவ விவரங்களையும் தவிர்த்திடுங்கள்.

பாஸ்வேர்ட் போடுங்கள்: எக்ஸெல்லில் பைல் மெனுவில் இன்ஃபோ, புரொடக்ட் ஒர்க்புக், என்கிரிப்ட் வித் பாஸ்வேர்ட் என்று செல்லுங்கள். கால்க்கில் சேவ் அஸ் கட்டத்திலேயே பாஸ்வேர்டுக்கான டிக் இருக்கும். பாஸ்வேர்ட் மறந்தால் பைல் போனதுதான். எனவே ஒரு நோட்டில் எழதிப் பத்திரப்படுத்துங்கள்.

யாரிடம் சொல்லலாம்?

மொத்த வருமானத்தை ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. அது பொறாமையையும் கடன் கேட்பவர்களையும்தான் கூட்டி வரும். ஆனால் ஒரே வேலை செய்பவர்கள் உருப்படி விகிதம், வேலை நாள், வேலை நேரம், உடைசலுக்கான பிடித்தம், பி.எஃப். ஆகிய ஐந்தையும் தங்களுக்குள் பேசிக்கொள்ளத்தான் வேண்டும். தனி ஆளாகக் கேட்டால் கேட்டவருக்கு வேலை போகும் பயம் இருக்கும். எல்லாரும் சேர்ந்தோ, சங்கத்தின் மூலமோ, கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும். புதிதாக அந்த வேலைக்கு வரும் பையனுக்கும் பெண்ணுக்கும், சேரும் முன்பே இந்த ஐந்தையும் சொல்லிவிடுங்கள். அவர்கள் குறைந்த கூலிக்கு ஒப்புக்கொண்டால், நாளை உங்கள் கூலிக்கும் அதுவே அளவாகிவிடும்.