கேமன் தீவுகளின் மணவிழா நாணயம்

முன்னுரை

'நாணயம்' என்னும் சொல் தமிழில் இருபொருள் தருவது. கையிற் புழங்கும் காசையும் அது குறிக்கும். நெஞ்சில் உறையும் நேர்மையையும் அது குறிக்கும். ஒரு நாட்டின் காசு அந்நாட்டு மக்களைப் பற்றி எவ்வளவு நேர்மையாகப் பேசுகிறது என வினவுதற்கு இவ்விருபொருளே நமக்கு இடம் தருகிறது. அவ்வினாவுக்கு ஏற்றதொரு சான்று, கரிபியன் கடலிலுள்ள கேமன் தீவுகள் 1972இல் வெளியிட்ட இருபத்தைந்து டாலர் நினைவு நாணயமாகும்.

தீவுகளின் வரலாறு

கிராண்ட் கேமன், கேமன் பிராக், லிட்டில் கேமன் என்னும் மூன்று தீவுகளின் தொகுதி இது. 1503இல் இவ்வழியே சென்ற கொலம்பசு, கடலெங்கும் ஆமைகள் மலிந்திருக்கக் கண்டு, ஆமைகள் எனப் பொருள்படும் பெயரை இட்டார். 1670ஆம் ஆண்டின் மாட்ரிட் உடன்படிக்கைக்குப்பின் இவை ஜமைக்காவுடன் ஆங்கிலேயர் உடைமையாயின. 1802இல் எடுக்கப்பெற்ற கணக்கின்படி இங்கு வாழ்ந்தோர் 933 பேர். அவருள் 545 பேர் அடிமைகள். 1835இல்தான் அவர்கள் முழு விடுதலை எய்தினர்.

1962இல் ஜமைக்கா தனிநாடாயிற்று. கேமன் மக்களோ அதனுடன் இணைந்து செல்லாமல், பிரித்தானிய முடியாட்சியின்கீழ் நேரடியாக நிற்பதையே விரும்பினர். எனினும் ஜமைக்காவின் பணமே அங்குத் தொடர்ந்து வழங்கிற்று. 1972இல்தான் தமக்கெனக் கேமன் டாலரை அவர்கள் கண்டனர்.

மணவிழா நாணயம்

தமக்கெனப் பணம் கண்ட அதே ஆண்டில்தான் நாம் குறித்த நினைவு நாணயமும் வெளிவந்தது. 1947 நவம்பர் 20ஆம் நாள் நிகழ்ந்த எலிசபெத் - பிலிப் திருமணத்தின் வெள்ளிவிழாவை அது போற்றியது. ஆண்டு இருபத்தைந்து, முகமதிப்பும் இருபத்தைந்து டாலர். வெள்ளியிலும் பொன்னிலும் அது அடிக்கப்பெற்றது. வெள்ளி நாணயத்தின் எடை 51 கிராமுக்கும் மேற்பட்டது; அதில் நூற்றுக்கு 92.5 பங்கு தூய வெள்ளி.

இத்தகைய நாணயங்களின் இயல்பை உணர்த்தத் தமிழின் 'செல்' என்னும் வினையே போதும். சட்டத்தின்முன் இவை செல்லும். சந்தைக்கு இவை செல்வதில்லை. மெருகேற்றிய அச்சுகளால் அடித்துப் பேழையிலிட்டு, முகமதிப்பினும் மிக்க விலைக்கு நாணயம் திரட்டுவோர்க்கு விற்பதே பொதுவழக்கு. உலோகவிலையும் அடிப்புக்கூலியும் போக எஞ்சுவதில் ஒரு பங்கு, வெளியிடும் அரசின் கருவூலத்தைச் சேரும். மக்கள்தொகை குறைந்த தீவுகளுக்கு இஃது ஒரு வருவாய் வழி. வாங்குவோருட் பலர் கடல்கடந்து வாழ்வோராதலின், தீவின் பெயர் தாங்கிய நாணயத்தைத் தீவினர் கையால் தொடுவதே அரிதாகிவிடுகிறது.

சில்லறைக் காசுகள்

1972இல் வெளிவந்த சில்லறைக் காசுகளின் நிலை வேறு. பத்துக் காசில் பேராமை நீந்துகிறது. ஐந்து காசில் இறால் உள்ளது. இருபத்தைந்து காசில் பாய்மரக் கப்பல் விரைகிறது. தம் கரையில் ஆமைகள் அருகியபின், கியூபாவின் கடலுக்கும் நிக்கராகுவாவின் கடலுக்கும் கப்பலேறிச் சென்று பிழைத்த மக்களின் வரலாறு இக்காசுகளில் அடங்கியுள்ளது.

எல்லாவற்றினும் சிறியதாகிய ஒரு காசே நம் நெஞ்சைத் தொடுவது. கிராண்ட் கேமனில் மட்டுமே வாழ்ந்த பூங்குருவியின் உருவம் அதில் பொறிக்கப்பட்டது. 1938க்குப்பின் அப்பறவையை உறுதியாகக் கண்டவர் இலர். காசு அச்சேறியபோதே பறவை மறைந்து முப்பதாண்டுகளுக்கு மேலாகியிருந்தது. உண்மையான நினைவு நாணயம் இதுவே எனலாம். கடைக்காரரும் மீனவரும் பள்ளிச் சிறுவரும் தம்மையறியாமலே இழந்த ஒன்றனை நாள்தோறும் கைமாற்றிக் கொண்டனர்.

முடிவுரை

மணவிழா நாணயத்தை அடிமையுணர்வின் சின்னமெனப் பழித்தல் முறையன்று. முடியாட்சியின்கீழ் நிற்பதை அம்மக்கள் தாமே விரும்பினர். பூங்குருவிக் காசின் மறுபுறத்திலும் அரசியின் தலையே இருந்தது. பிலிப் 2021இலும் எலிசபெத் 2022இலும் மறைந்தனர். அவர்தம் மணவிழா இன்று பேழைகளுக்குள் பளபளப்பு மாறாமல் உறங்குகிறது. குருவிக் காசோ பலர் கைபட்டுத் தேய்ந்தது. தேய்வதே காசுக்குப் பெருமை.

ஆயினும் ஒரு குறை எஞ்சுகிறது. அரசிக்கு இடம் கிடைத்தது. ஆமைக்கும் குருவிக்கும் இடம் கிடைத்தது. 1802ஆம் ஆண்டுக் கணக்கில் வெறும் எண்ணாக நின்ற அந்த 545 பேருக்கு, மணவிழா நாணயத்திலும் இந்நான்கு காசுகளிலும் இடம் இல்லை. யாரை நினைவுகூர்கிறோம் என்பதை மட்டுமன்றி, யாரை மறந்தோம் என்பதையும் காசு சொல்லிவிடுகிறது. நாணயத்தின் நாணயம் அவ்விடத்தில்தான் உரைத்துப் பார்க்கப்படுகிறது.