சீட்டு வாங்கிய நாளுக்கும் முடிவு வரும் நாளுக்கும் நடுவே



நம் மருத்துவமனையின் மார்பகப் பிரிவு வாரத்தில் ஒரு நாள், வியாழக்கிழமைதோறும் நடைபெறுவதை உங்களில் பலர் அறிவீர்கள். மற்ற ஆறு நாட்களும் அந்தப் பிரிவுக்கு வரவேண்டிய பெண்கள் என்ன செய்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அவர்கள் காத்திருக்கிறார்கள். பொது ஓ.பி.யில் ஒரு டாக்டர் கை வைத்துப் பார்த்து, "கட்டி மாதிரி தெரியுதும்மா. வர்ற வியாழக்கிழமை வாங்க, படம் எடுத்துப் பார்த்துடலாம்" என்று சீட்டு எழுதிக் கொடுத்த நேரத்திலிருந்து, அந்தச் சீட்டைப் பர்ஸில் மடித்து வைத்துக்கொண்டு, வீட்டில் உலை வைக்கிறார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள், நாற்று நடப் போகிறார்கள். யாரிடமும் சொல்வதில்லை. இயந்திரங்களைப் பற்றியும் அறுவை சிகிச்சைகளைப் பற்றியும் முன்பு பலமுறை உங்களுக்கு எழுதியிருக்கிறோம். இம்முறை அந்தக் காத்திருப்பு நாட்களைப் பற்றி எழுதுகிறோம்.

சீட்டு வாங்கியவர்கள் எல்லாரும் வியாழக்கிழமை வந்துவிடுவதில்லை என்பதே இதற்குக் காரணம். வராதவர்கள் அலட்சியக்காரர்கள் அல்ல. பெரும்பாலும் அவர்கள்தான் அதிகமாகப் பயந்தவர்கள். பயம் சிலரை முதல் ஆளாக வாசலில் கொண்டுவந்து நிறுத்தும். வேறு சிலரை வீட்டோடு கட்டிப்போடும். "வலிக்கலையே, அப்புறம் பாத்துக்கலாம்" என்று மனம் ஒரு சாக்குச் சொல்லும். இதில் ஒரு பொல்லாத விஷயம் என்னவென்றால், மார்பகப் புற்றுநோய்க் கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மாதவிலக்கை ஒட்டி வந்து போகும் வலியோ பெரும்பாலும் புற்றுநோயால் வருவதல்ல. நம் வீடுகளில் இதைத் தலைகீழாகவே நம்புகிறார்கள்.

இங்கே இரண்டு விதத் தாமதத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒரு வாரமோ இரண்டு வாரமோ காத்திருப்பதால் நோயின் போக்கு பொதுவாக மாறிவிடுவதில்லை. மாதக்கணக்கில் தள்ளிப்போட்டால் மாறும். 1999-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியான ஒரு தொகுப்பு, 87 ஆய்வுகளில் இருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. அறிகுறி தெரிந்து 3 மாதமோ அதற்கு மேலோ தாமதித்தவர்களில், 5 ஆண்டு உயிரோடிருந்தவர்களின் அளவு மற்றவர்களைவிட 12 சதவீதம் குறைவாக இருந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய்த் திட்டமோ, ஒரு பெண் முதலில் மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் இன்னதென்று உறுதியாக வேண்டும் என்கிறது. ஆகவே சீட்டு வாங்கிய தாய்மாரிடம் நாங்கள் சொல்வது இதுதான்: வியாழக்கிழமை வரை பொறுப்பதால் ஆபத்தில்லை, வியாழக்கிழமை வராமல் இருப்பதில்தான் ஆபத்து. இதைக் கேட்டதும் சிலருக்கு முகமே தெளிந்துவிடும். "இந்த ஒரு வாரத்துலயே அது பரவிடுமோ" என்ற கேள்வியை அவர்கள் வாய்விட்டுக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

வெட்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஐடா ஸ்கடர் அம்மையார் இளம்பெண்ணாகத் திண்டிவனத்தில் இருந்தபோது, ஒரே இரவில் பிரசவ வேதனைப்பட்ட மூன்று பெண்களுக்காக வந்து அழைத்தவர்கள், ஆண் மருத்துவரான அவருடைய தகப்பனாரை ஏற்க மறுத்ததையும், அந்த மூவரும் இறந்துபோனதையும் ஞாயிறு பள்ளியிலேயே கேட்டிருப்பீர்கள். 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் தொடங்கிய அவருடைய பணிக்கு வேர் அந்த இரவுதான். அந்த வெட்கம் இன்னும் ஊரைவிட்டுப் போகவில்லை. மார்பு என்ற சொல்லைச் சொல்லக் கூசி, "நெஞ்சுப் பக்கம் ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லி இதயப் பிரிவு வரிசையில் போய் நின்ற பாட்டிமார் உண்டு. ஆகவே சீட்டுக் கொடுக்கும்போதே, "அங்கே பார்க்கிறது லேடி டாக்டர், படம் எடுக்கிறதும் பெண்தான்" என்று சொல்லிவிடுகிறோம். பாதி கவலை அங்கேயே இறங்கிவிடும்.

மீதிக் கவலை, என்ன நடக்கப்போகிறது என்று தெரியாததால் வருவது. ஆகையால் அதை முன்கூட்டியே விவரமாகச் சொல்கிறோம். முதலில் டாக்டர் கையால் பரிசோதிப்பார். அடுத்தது படம். நாற்பது வயதுக்குக் குறைந்தவர்களுக்கு மார்பகம் அடர்த்தியாக இருப்பதால் முதலில் ஸ்கேன். மேற்பட்டவர்களுக்கு மேமோகிராமும் உண்டு. மேமோகிராமில் இரண்டு தட்டுகளுக்கு நடுவே மார்பகத்தைச் சில விநாடிகள் அழுத்துவார்கள். வலிக்காது என்று நாங்கள் பொய் சொல்வதில்லை. அழுத்தும், சிலருக்கு நன்றாகவே வலிக்கும், ஆனால் நீங்கள் பத்து எண்ணி முடிப்பதற்குள் விட்டுவிடும். அன்று அக்குளில் பவுடர் போடாமல் வரவேண்டும். அது படத்தில் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரிந்து குழப்பும். புடவை ஜாக்கெட் என்று வந்தால் மேலாடையை மட்டும் கழற்றலாம். தாலியைக் கழற்றச் சொல்வார்களோ என்று ஒரு வாரம் தூங்காத பெண்களைப் பார்த்திருக்கிறோம். கட்டியைப் பற்றிக்கூட அவ்வளவு பயமில்லை! தாலியை முதுகுப் பக்கமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டால் போதும்.

தேவைப்பட்டால் மூன்றாவதாக ஊசிப் பரிசோதனை. மரத்துப்போக மருந்து போட்டுவிட்டு, சற்றுப் பருமனான ஊசியால் நூல் போன்ற சிறு துணுக்குகளை எடுப்பார்கள். அந்தக் கருவி எடுக்கும்போது 'டக்' என்று சத்தம் போடும். அதைத் திடீரென்று கேட்டால் உடம்பு தூக்கிவாரிப் போடும் என்பதால், எங்கள் சிஸ்டர்கள் முதலில் காற்றிலேயே ஒருமுறை தட்டிக் காட்டுவார்கள். ஊசி குத்தினால் நோய் உடம்பெங்கும் பரவிவிடும் என்ற பேச்சு ஊரில் பலமாக உண்டு. அது தவறு. அந்தப் பேச்சை நம்பி ஊசி வேண்டாமென்று போய், ஓராண்டு கழித்துப் புண்ணோடு வந்தவர்களை நினைத்தால் எங்களுக்குக் கோபமே வருகிறது, அவர்கள் மேல் அல்ல, சொல்லிவிட்டவர்கள் மேல்.

அதற்குப் பின் வருவதுதான் காத்திருப்பில் மிகக் கடினமான பகுதி. "எடுத்தாச்சே, உடனே சொல்லக் கூடாதா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எடுத்த சதைத் துணுக்கை ஃபார்மலின் என்ற திரவத்தில் குறைந்தது ஆறு மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். பிறகு அதிலுள்ள நீரை நீக்கி, மெழுகில் பதித்து, தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத சீவல்களாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். இதற்கே சில நாட்கள் ஆகும். புற்றுநோய்தான் என்று தெரிந்தால், எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று அறிய மேற்கொண்டு சோதனைகள் உண்டு. அவற்றுக்கும் நாள் பிடிக்கும். முடிவு தாமதமானால் கெட்ட செய்தி என்று நினைக்கிறவர்கள் அநேகர். தாமதத்துக்கும் முடிவுக்கும் சம்பந்தமில்லை. நெஞ்சு படபடப்பதும், வாய் உலர்வதும், வயிறு கலங்குவதும், விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டுவதும் கூட நோயின் அடையாளங்கள் அல்ல. அபாயம் வருகிறது என்று உடம்பு தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் விதம் அது.

அந்த மூன்று மணி விழிப்புக்கு எங்களிடம் உள்ள மருந்துகள் எளியவை. எழுந்து உட்கார்ந்து, மூச்சை நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடவேண்டும். ஐந்து நிமிடம் செய்தால் படபடப்பு இறங்கும். கவலைக்கென்று பகலில் அரைமணி நேரம் ஒதுக்கிவிட்டு, மற்ற நேரத்தில் அது வந்தால் "சாயந்திரம் வா" என்று அனுப்பிவிடப் பழகலாம். சிரிக்காதீர்கள், பலருக்குப் பலித்திருக்கிறது. டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது, எழுதத் தெரியாவிட்டால் மகளை எழுதச் சொல்லலாம். பூக் கட்டுவது, முறுக்குச் சுற்றுவது, களை எடுப்பது என்று கை ஓயாமல் வேலை செய்தால் மனமும் கொஞ்சம் ஓயும். கட்டியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட வேண்டும். அழுத்த அழுத்த அந்த இடம் கன்றிப்போய் வலி எடுக்கும், வலி எடுத்தால் பயம் இரட்டிப்பாகும். கைபேசியில் நடுநிசியில் தேடுவதும் வாட்ஸப்பில் வரும் வைத்தியங்களும் இதே கணக்குத்தான். இவ்வளவுக்கும் பிறகு நாலைந்து நாள் தூக்கமும் சாப்பாடும் அறவே இல்லையென்றால், வியாழக்கிழமை வரை இருக்க வேண்டாம்; முன்னதாகவே வந்து சிஸ்டரிடம் சொன்னால் அதற்கும் வைத்தியம் உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலானது, ஒரே ஒருவரிடமாவது சொல்லிவிடுவது. ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டியதில்லை. வாய் காக்கத் தெரிந்த ஒருவர் போதும். அவரே வியாழக்கிழமை கூட வருகிறவராகவும் இருந்தால் மெத்த நல்லது, ஏனென்றால் பயந்த காது டாக்டர் சொல்வதில் பாதியைத்தான் கேட்கிறது.

இங்கே சபை மக்களாகிய உங்களிடம் சற்று வெளிப்படையாகப் பேச விரும்புகிறோம். "விசுவாசம் இருந்தா பயம் எதுக்கு?" என்று அவர்களிடம் சொல்லாதீர்கள். அன்போடு சொல்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் கேட்கிறவருக்குக் கட்டியின் பாரம் போதாதென்று குற்ற உணர்வின் பாரமும் சேர்ந்துவிடுகிறது. அதன்பின் அவர் பயத்தை மறைக்கிறார். மறைக்கிறவர் சீட்டையும் மறைத்துவிடுகிறார். கெத்செமனேயில் ஆண்டவரே வியாகுலப்பட்டார். சீஷர்களிடம் அவர் கேட்டது உபதேசம் அல்ல, கூட விழித்திருக்கும்படிதான் கேட்டார். எங்களிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் வேறு சமயத்தார். மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்துவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கும் வேண்டியது அதே துணைதான்.

காசைப் பற்றிய கவலையும் சிறிதல்ல. "புற்றுன்னா நிலத்தை விக்கணும்" என்று கணவனும் மனைவியும் தனித்தனியே நினைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருப்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் சிகிச்சைகளும் அடங்கும். குடும்ப அட்டையையும் ஆதாரையும் முதல் நாளே எடுத்து வைக்கச் சொல்கிறோம். அட்டையைத் தேடி எடுப்பதும் ஒரு வேலைதானே, அதுவும் மனதுக்கு ஒரு பிடிப்பு.

இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் முதலிடம் மார்பகப் புற்றுநோய்க்குத்தான். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-இல் மட்டும் நம் நாட்டில் சுமார் 1,92,000 பேருக்கு அது புதிதாகக் கண்டறியப்பட்டது. ஆனாலும் மார்பில் தட்டுப்படும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. இளம்பெண்களுக்கு விரலுக்கு அடியில் வழுக்கி ஓடும் நார்க்கட்டி வரும். அதன் ஓட்டத்தைப் பார்த்து மருத்துவ மாணவர்கள் அதற்கு 'எலி' என்றே பேர் வைத்திருக்கிறார்கள். நாற்பதை ஒட்டியவர்களுக்கு நீர்க்கட்டிகள் சகஜம். இரண்டும் புற்றுநோய் அல்ல. எது எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியுமே தவிர, வீட்டில் உட்கார்ந்து ஊகிக்க முடியாது.

முடிவைப் போனில் சொல்வதில்லை, வராந்தாவில் நின்றபடியும் சொல்வதில்லை. கூட வந்தவருக்கும் ஒரு நாற்காலி போட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சொல்கிறோம். புற்றுநோய் என்றால், அவர் எழுந்திருக்கும் முன்பே அடுத்த தேதியும் பார்க்கவேண்டிய டாக்டரின் பெயரும் சீட்டில் எழுதப்பட்டுவிடும். "தெரியாம இருந்ததுக்கு இது தேவலை சிஸ்டர்" என்று அந்த நாற்காலியில் இருந்தபடியே சொன்னவர்கள் ஒருவர் இருவர் அல்ல. ஒன்றுமில்லை என்று தெரிந்தவர்களில் சிலரோ, அதுவரை அழாதவர்கள், அப்போதுதான் உடைந்து அழுகிறார்கள். அவர்களையும் உடனே பஸ் ஏற அனுப்புவதில்லை. உட்காரவைத்து, கேன்டீனிலிருந்து ஒரு காபி வாங்கிக் கொடுத்து, முகம் கழுவிய பிறகே அனுப்புகிறோம். அந்தக் காபிக்கும், கூட வந்தவரின் பஸ் கட்டணத்துக்கும் உங்கள் காணிக்கையிலிருந்துதான் எடுக்கிறோம்.