குறைந்த விலை டிரம்பெட்: வாங்குவதும் சீராக்குவதும்

டிரம்பெட்டை அதன் பளபளப்பை வைத்து மதிப்பிடும் வழக்கம், புதிதாகக் கற்க வருவோரிடமும் அவர்களுக்குக் கருவி வாங்கித் தரும் பெற்றோரிடமும் பரவலாக உண்டு. ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பித்தளைக் குழாயை மடித்துச் செய்யப்படும் இக்கருவியில், ஊதும் காற்று எங்கும் கசியாமல் விரிந்த வாய்வரை சென்று சேர்கிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. மெருகும் முலாமும் அதற்குப் பிறகுதான்.

காற்றுவழியின் நடுவே நிற்பவை மூன்று வால்வுகள். ஒவ்வொன்றிலும், உறைக்குள் ஏறி இறங்கும் பிஸ்டன் என்ற உலோக உருளை, விரலால் அழுத்தப்படும்போது காற்றை ஒரு கூடுதல் குழாய்க்குள் திருப்பி விடுவதால், காற்றுவழி நீண்டு சுருதி இறங்குகிறது. முதல் வால்வு ஒரு முழுச்சுரமும், இரண்டாவது அரைச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் இறக்கும். பாரிசில் பெரினே என்ற கைவினைஞர் 1830களின் இறுதியில் உருவாக்கிய இவ்வமைப்பில், பிஸ்டனுக்கும் உறைக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்குகளே. அது தேய்ந்து அகன்றுவிட்டால் பிஸ்டனுக்கு மீண்டும் முலாமிட்டுப் பொருத்த வேண்டும். அச்செலவு பெரும்பாலும் மலிவுக் கருவியின் விலையையே மிஞ்சிவிடும்.

ஆகவே வாங்குமுன் ஒரு சோதனை இன்றியமையாதது. வால்வை அழுத்தாமல் முதல் வால்வின் ஸ்லைடை, அதாவது நீட்டிக் குறைக்கத்தக்க வளைகுழாயை, பாதியளவு இழுத்துச் சில நொடிகள் நிறுத்திப் பிறகு வால்வை அழுத்தினால், 'பொப்' என்ற ஒலி தெளிவாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் காற்று கசிகிறது. அடுத்து, உதடு வைத்து ஊதும் மவுத்பீஸ் செருகப்படும் முதற்குழாயில் நடுவில் கருமை கொண்ட இளஞ்சிவப்புப் புள்ளிகள் தென்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். எச்சில் ஈரத்தால் பித்தளையிலிருந்து துத்தநாகம் வெளியேறிச் செம்பு மட்டும் எஞ்சுவதன் அடையாளம் அது. மெருகேற்றி அதை மறைக்கலாம், போக்க முடியாது. விரிந்த வாய்ப்பகுதியில் உள்ள சிறு ஒடுக்குகளோ மங்கிய பூச்சோ பொருட்படுத்தத்தக்கவை அல்ல; விலையைக் குறைத்துக் கேட்க அவை உதவும்.

பெயரறியாத புதுக் கருவியைவிட, நல்ல நிறுவனம் மாணவர்களுக்கெனச் செய்த பழைய கருவி பெரும்பாலும் மேலானது. கலிபோர்னியாவின் ஓல்ட்ஸ் நிறுவனம் 1979இல் மூடப்பட்டபோதும், அதன் அம்பாசடர் வகை டிரம்பெட்டுகள் இன்றும் வாசிக்கப்படுகின்றன. யமஹாவின் மாணவர் கருவிகளும் அவ்வாறே நீடித்து உழைப்பவை. இந்தியாவில் கல்யாண பேண்டு செட்டுகளுக்குக் கருவிகள் செய்து தரும் மீரட் நகரத்துக் கருவிகளை வாங்குவோர், ஒன்றுக்கொன்று தரம் வேறுபடலாம் என்பதால், ஒவ்வொன்றையும் தனியே ஊதிப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

சீராக்கும் வேலை சுத்தம் செய்வதில் தொடங்குகிறது. பிஸ்டன்களை வரிசை எண் மாறாமல் தனியே எடுத்து வைத்து, வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் நீண்ட வளையும் தூரிகையும் கொண்டு குழாய்களைக் கழுவினாலே, பல கருவிகள் எளிதாக ஊத வந்துவிடும். வால்வுக்கென விற்கும் மெல்லிய எண்ணெயையே இட வேண்டும். தேங்காயெண்ணெய் பிசுக்காகிப் பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். பொத்தானுக்கு அடியிலுள்ள கம்பளி வட்டு தேய்ந்தால் பிஸ்டன் அளவுக்கு மேல் இறங்கி, அதன் துளை உறையின் துளையோடு நேர்ப்படாமல் போகும். இரண்டாம் ஸ்லைடைக் கழற்றி, வால்வை அழுத்தியபடி வெளிச்சத்தில் உள்ளே பார்த்தால் இவ்விலகல் கண்ணுக்கே தெரியும். ஏற்ற தடிமனில் புதிய வட்டு போட்டால் சரியாகிவிடும்.

மலிவுக் கருவியோடு வரும் மவுத்பீஸை மாற்றுவதே குறைந்த செலவில் நிறைந்த பயன் தருவது. ஆஸ்திரியாவில் பிறந்து நியூயார்க்கில் தொழில் நடத்திய வின்சென்ட் பாக் வகுத்த அளவு முறையில், எண் குறையக் குறைய மவுத்பீஸின் கிண்ணத்தின் அகலம் கூடும், எழுத்து அதன் ஆழத்தைக் குறிக்கும். தொடக்கநிலையினருக்கு 7சி அல்லது 5சி பொருந்தும்.

இறுதியாக, முதல் வால்வும் மூன்றாம் வால்வும் சேர்ந்து அழுத்தப்படும் தாழ்சுரங்கள் எந்த டிரம்பெட்டிலும் சற்று ஏறியே ஒலிக்கும் என்பதால், மூன்றாம் ஸ்லைடில் உள்ள வளையத்தில் விரலை நுழைத்து அதை வாசிக்கும்போதே நீட்ட முடிய வேண்டும். இறுகிய ஸ்லைடை விவரமறிந்த பழுதுபார்ப்பவர் தளர்த்தித் தருவார். அவ்வளையமே இல்லாத கருவியை, விலை எவ்வளவு குறைந்தாலும், வாங்காமல் விடுவதே நல்லது.