நொதித்த பானத்தைப் போத்தலில் அடைக்கும் காலம்

பியரை எத்தனையாம் நாளில் போத்தலில் அடைக்கலாம் என்ற வினாவுக்கு நாட்கணக்கில் விடை கூறுவது மலையகத்துக்குப் பொருந்தாது. நாவலப்பிட்டி ஏறத்தாழ 580 மீற்றர் உயரத்தில் உள்ளது; நுவரெலியாவோ 1,800 மீற்றருக்கும் மேல். இரண்டுக்குமிடையே ஏறத்தாழ எட்டுப் பாகை செல்சியசு வெப்பநிலை வேறுபாடு உண்டு. குளிரில் மதுவம் மெல்லத் தொழிற்படும். எனவே மேலே பத்து நாள் எடுக்கும் நொதித்தல் கீழே ஐந்தாறு நாளில் முடிந்துவிடலாம். 1881இல் தோன்றிய பியர் வடிசாலைக்கு நுவரெலியாவின் குளிரும் ஊற்றுநீரும் வாய்ப்பாயின என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

வடிசாலையில் அளவுகருவிகள் இருந்தன; அடுக்களையில் இல்லை. 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிச் சட்டத்தின்படி உரிமமின்றிப் பியர் வடித்தல் குற்றமாகும். ஆயினும் அச்சட்டத்தின் நோக்கு வருமானத்தின் மீதேயன்றிப் போத்தல் வெடித்துக் கண்ணிழப்பவர் மீதன்று. இஞ்சிப்பியர் செய்யும் இல்லங்களிலும் இதே ஆபத்து இருப்பதால், இதன் அடிப்படையை அனைவரும் அறிந்திருத்தல் வேண்டும் என்பது எமது கருத்து.

மதுவம் சீனியை ஏறத்தாழச் சரிபாதி மதுசாரமாகவும் சரிபாதி காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. கித்துள் கள் இறக்குவோர் முட்டியை இறுக மூடுவதில்லை; வாயு வெளியேற வழி வேண்டும் என்பதை அவர்கள் தொழிலால் அறிந்தவர்கள். போத்தலில் அடைப்பவர் அவ்வழியை அடைத்துவிடுகின்றார். அதன்பின் உருவாகும் வாயு முழுவதும் உள்ளேயே தங்கும். ஆகவே அடைக்கும் வேளையில் எவ்வளவு சீனி எஞ்சியுள்ளது என்பதே உண்மையான வினா.

குமிழிகள் நின்றுவிட்டன என்பது இதற்குச் சான்றாகாது. இரவுக் குளிரில் மதுவம் சோர்ந்தாலும் குமிழிகள் நிற்கும். திரவமானியே நம்பத்தக்கது. தொடக்கத்தில் 1.045 அளவில் இருக்கும் தன்னீர்ப்பு படிப்படியாகக் குறைந்து 1.010ஐ அண்மித்து நிலைகொள்ளும். எந்த எண்ணில் நிலைகொள்ளும் என்பது முளைதானியத்தைப் பொறுத்தது. அவ்வெண்ணைவிட, அது அசையாது நிற்பதே முக்கியம். இரண்டு மூன்று நாள் இடைவெளியில், ஒரே வெப்பநிலையில் எடுத்த இரு வாசிப்புகள் ஒத்திருந்தால் அடைக்கலாம். மாதிரியை முதலில் குலுக்கி வாயுவை நீக்கவேண்டும். இல்லையேல் குமிழிகள் கருவியை உயர்த்தி வாசிப்பைப் பொய்யாக்கும்.

நொதித்து முடிந்த பியருக்கு நுரை தருவதற்காக, அடைக்கும்போது இலீற்றருக்கு ஆறு ஏழு கிராம் சீனி சேர்ப்பது வழக்கம். நான்கு கிராம் சீனி, ஓர் இலீற்றர் பானத்தில் ஏறத்தாழ ஓர் இலீற்றர் வாயுவைத் தரும். தன்னீர்ப்பு இன்னும் 0.005 குறையவேண்டிய நிலையில் அடைத்தால், எஞ்சிய சீனி மட்டுமே இலீற்றருக்குப் பத்துக் கிராம் வரை இருக்கும். சேர்த்த சீனியும் கூடும்போது உள்ளமுக்கம் ஆறு வளிமண்டலத்தை எட்டக்கூடும். சாதாரண பியர்ப் போத்தல் இதற்கெனச் செய்யப்பட்டதன்று.

பழம் சேர்ப்போர் பெரும்பாலும் அதனை வாசனைப் பொருளாகவே கருதுகின்றனர். அது உண்மையில் சீனி. பத்து இலீற்றரில் ஒரு கிலோ அன்னாசியை இட்டால் ஏறத்தாழ நூறு கிராம் சீனி புதிதாகச் சேர்கின்றது. அதாவது இலீற்றருக்குப் பத்துக் கிராம்; மேற்கூறிய ஆபத்தான அளவு அதுவேயாகும். ஆகவே அன்னாசியோ கொடித்தோடையோ மாம்பழமோ சேர்த்தபின் நொதித்தல் மீண்டும் தொடங்கும். காத்திருப்பும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். பழச்சதை திரவமானியில் ஒட்டிக்கொள்ளுமாதலால் மாதிரியைத் துணியில் வடித்தே அளக்கவேண்டும். தோலுடன் வரும் காட்டு மதுவங்கள், வழக்கமான மதுவம் தொடாத மாப்பொருட் கூறுகளையும் மெதுவாகச் சிதைக்கவல்லன. எனவே பழம் சேர்ந்த பியருக்கு மேலும் ஒரு வாரம் கொடுத்தல் நன்று.

இஞ்சிப்பியரின் நிலை இதற்கு மாறானது. அது இனிப்பாகவே இருக்கவேண்டியிருப்பதால் நொதித்து முடியுமுன்னரே அடைக்கப்படுகின்றது. அங்கே திரவமானியின் அமைதியை எதிர்பார்க்க இயலாது. குளிரும் விரைந்த நுகர்வுமே காப்பு. ஒரே தொகுதியில் ஒரு போத்தலை மட்டும் பிளாஸ்டிக்காக வைத்து, அதனை நாளும் அழுத்திப் பார்த்தல் எளிய வழி. அது கல்போல் இறுகிய அன்றே ஏனைய போத்தல்களையும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடவேண்டும்.